நான்காவது சிலிண்டரும் சம்பந்தி மரியாதையும்

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினில், இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, செவிகளைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பதற்கு ஈடான இன்பம் இவ்வுலகில் வேறு உண்டோ என்று எவரேனும் என்னை வினவினால், சற்றே சிந்தித்துவிட்டு, இல்லை என்றே விடையளிப்பேன். என் பேரன் பொக்கை வாய் திறந்து முதன்முதலாகச் சிரித்த கணம்கூட அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. இதனைப் படிக்க நேர்ந்தால் என் மகள் பொறுத்தருள்வாளாக.

பணி ஓய்வுக்குப் பிறகு அவ்வின்பம் எனக்கு மீண்டும் கிட்டியது ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், நசரத்பேட்டையில், என் சம்பந்தியின் வீட்டு வாசலில். சம்பந்தி என்று நான் குறிப்பிடுவது என் மகளின் மாமனாரை. சொந்தமாக ஒரு லாரி வைத்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வார்ப்படச் சாமான்களை ஏற்றி இறக்கியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அந்த லாரி பழையது. இக்காலத்து வண்டிகளுக்கு நோய் கண்டால் மடிக்கணினியைச் செருகிப் பார்க்கிறார்கள்; அதுவோ கணினி என்ற சொல்லையே கேள்விப்படாத வண்டி. ஒரு பம்பு, அதிலிருந்து கிளம்பும் ஆறு இரும்புக் குழாய்கள், ஒவ்வொரு குழாயின் முடிவிலும் டீசலைப் பனிப்புகைபோல் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டர். அதன் உடற்கூறு அவ்வளவுதான்.

நானோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் ஆவடிக்கு வந்து, பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின்களைச் சோதிக்கும் பிரிவில் உழைத்து ஓய்ந்து, இப்போது கோவில்பதாகையில் வசிப்பவன். ஆக, எஞ்சின் அறிந்த இருவர் சம்பந்திகள் ஆனோம். நல்ல பொருத்தம் என்று யாவரும் மெச்சினார்கள். அப்பொருத்தத்துக்குள் ஒரு பொல்லாப்பு ஒளிந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு சம்பந்தி சொல்வதை மற்றொரு சம்பந்தி முகத்துக்கு நேரே மறுத்துப் பேசலாகாது என்பது நம் வழக்கம். பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் நான் இன்னும் ஒரு சுற்று அதிகமாகவே வாயை இறுக்கிக்கொள்ள வேண்டியவன். அவரோ, நெடுஞ்சாலையில் மறிக்கும் போலீஸ்காரரையே 'இன்னா நைனா' என்று விசாரிக்கும் மனிதர். என்னைக் கண்டால் மட்டும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு 'வாங்கோ, குந்துங்கோ' என்பார். அந்த மரியாதையை அவர் சுமந்து திரிவதைப் பார்த்தால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி மேம்பாலம் ஏறுவது போலிருக்கும்.

அன்று நாங்கள் கூடியதற்குக் காரணம் ஒரு வேண்டுதல். பேரன் பிறந்தவுடன் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டு, ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அப்போது சம்பந்தியம்மாள் பெரியபாளையத்து அம்மனுக்கு வாக்குக் கொடுத்தார்: பிள்ளை நலமாக வீடு திரும்பினால், வரும் ஆடியில் எங்கள் சொந்த லாரியிலேயே அழைத்து வந்து, வேப்பிலை கட்டி, பொங்கல் வைக்கிறேன் என்று. இப்பக்கத்துக் குடும்பங்கள் ஆடி மாதத்தில் லாரியில் பெரியபாளையம் போவது புதிதன்று. ஆனால் 'சொந்த லாரி' என்று அவர் சொல்லிவிட்டார். பிள்ளை நலமாக வந்து, கொழுத்து, தவழவும் தொடங்கிவிட்டான். வாக்கு மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆடிக்கு அதுவே கடைசி ஞாயிறு.

என் மருமகன் கணினித் துறையில் வேலை பார்ப்பவர். பூந்தமல்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்து வைக்கும் பழக்கமுடையவர். கைப்பேசியிலேயே ஒரு வேனை ஏற்பாடு செய்துவிட்டுத் தாயிடம் சொன்னார்.

"பதினோரு மணிக்கு வேன் வந்துரும்மா. லாரி கெளம்பலன்னா அதுல போய்க்கலாம்."

"வேன்லயாடா வேண்டிகினேன்? சாமி, ஏசி வேன் கெட்ச்சுது, நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு ஆத்தாகிட்ட நீ போய் சொல்றியா?"

நான் உள்ளூரக் கைதட்டினேன்.

சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அந்தப் பயணத்துக்காகவே ஆறு இன்ஜெக்டர்களையும் தம் கையாலேயே கழற்றி, சென்னீர்குப்பத்தில் உள்ள டீசல் பம்பு கடையில் கொடுத்துச் சோதித்து, புதிய செம்பு வாசர்கள் வைத்துத் தம் கையாலேயே பூட்டியிருந்தார். வாசர் என்பது இன்ஜெக்டர் உட்காரும் குழியின் அடியில் இடும் சிறு வளையம். சிலிண்டரின் அழுத்தம் மேலே கசிந்துவிடாமல் காப்பது. அதன் பிறகு வண்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, நான்கு மூலையிலும் வேப்பங்கொத்துக் கட்டியாயிற்று. பொங்கல் பானையும் விறகும் உறவினரும் பின்னால் ஏறியாயிற்று. சம்பந்தி சாவியைத் திருகினார்.

எஞ்சின் கிளம்பியது, ஆனால் நொண்டியது. கூடவே வெள்ளைப் புகை. எவ்வளவு புகை என்றால், எதிர்வீடு மறைந்தது. பிறகு தெரு மறைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த உறவினர்கள் இருமல் ஒலியாக மட்டும் எஞ்சினார்கள். புகைக்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"இன்னா அண்ணாத்தே, கொசு மருந்து வண்டி எப்போ வாங்கினே?"

சம்பந்தி அதற்குச் சொன்ன பதிலை நான் இங்கே எழுதவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "மிஸ்ஸிங் அடிக்குது சம்மந்தி" என்றார். ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்பதற்கு லாரிக்காரர்கள் வழங்கும் சொல் அது. எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது.

"எதுன்னு பாத்துருவோமா சம்மந்தி?" என்றேன். என் குரல் நடுங்கியது. கவலையினால் அன்று, ஆசையினால்.

அவ்வகை லாரியில் எஞ்சின், ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இரு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு மூடிக்குள் இருக்கும். மூடியைக் கழற்றினோம். விதி எளியது. வண்டி ஓடும்போதே ஒவ்வொரு குழாயின் நட்டையும் தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் தடுமாறினால், அது அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். தடுமாறாவிட்டால், அது சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று பொருள். கூட்டுக் குடும்பத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை அறிய, ஒவ்வொருவரையாக வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்பதை ஒத்த உபாயம் இது.

முதல் நட்டைத் தளர்த்தினேன். எஞ்சின் குலுங்கிச் சோர்ந்தது. இறுக்கினேன், நிமிர்ந்தது. இரண்டாவது, அவ்வாறே. மூன்றாவது, அவ்வாறே. நான்காவதைத் தளர்த்தினேன். டீசல் பீறிட்டு என் வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது. எஞ்சினோ, ஒன்றுமே நடவாததுபோல் அதே நொண்டலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு!" என்று நான் கூவினேன்.

"நாலே தான்!" என்று அவர் கூவினார்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த இரு சிறுவர்களைப்போல் நாங்கள் குதூகலித்ததைக் கீழே நின்ற என் மனைவி ரசிக்கவில்லை. "வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு இந்த வேலை தேவையா உங்களுக்கு? கோயிலுக்குப் போற ஆளு மாதிரியா இருக்கிய?" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது இன்ஜெக்டரையும் நான்காவதையும் கழற்றி இடம் மாற்றிக்கொண்டிருந்தோம். குற்றம் இன்ஜெக்டருடையதாயின், அது இப்போது மூன்றாம் இடத்துக்கு நகர வேண்டும்.

நகரவில்லை. சந்தேகத்துக்கு ஆளான இன்ஜெக்டர், மூன்றாம் இடத்தில் அழகாக உழைத்தது. நல்ல இன்ஜெக்டர், நான்காம் இடத்தில் போய்ச் சோம்பேறி ஆயிற்று. அதாவது நோய் இன்ஜெக்டரில் இல்லை. அந்த இடத்தில் இருக்கிறது.

சம்பந்தியின் முகம் வாடிவிட்டது. "அப்போ கம்ப்ரஷன் பூட்ச்சு சம்மந்தி. ஹெட்டு எறக்கணும்" என்றார். சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றுவது என்றால், அந்த ஞாயிறு மட்டுமன்று, ஆடியே போய்விடும்.

சம்பந்தியம்மாள் அதைக் கேட்டார். பேரனை என் மகளிடம் கொடுத்துவிட்டு, லாரியின் பின்புறம் சென்று, பொங்கல் பானையைத் தாமே கீழே இறக்கினார். அப்படி இறக்கும்போது பானையின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்து அவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்து மீண்டும் கட்டப் பார்த்தார், பிறகு பானைக்குள்ளேயே போட்டுவிட்டார். அவர் திட்டியிருந்தால் நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

அப்போதுதான், பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் எஞ்சினைப் பார்த்தபடி நின்ற என் கண்ணில் அது பட்டது. நான்காம் குழியில் உட்கார்ந்திருந்த இன்ஜெக்டர், மற்றவற்றைவிட ஒரு நூல் அளவு உயரமாக நின்றது. இடம் மாற்றியும் அதே உயரம். எனில், குழிக்குள் ஏதோ கிடக்கிறது. என்ன கிடக்கும்? கரியில் ஒட்டிக்கொண்ட பழைய வாசர்! அதை எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்துவிட்டால், இன்ஜெக்டர் பலகை போட்டு உட்கார்ந்ததுபோல் மேலே நிற்கும், டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது, அழுத்தமும் கசியும். தலையைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஒரு வளைந்த கம்பி போதும்!

என் உள்ளம் துள்ளிய துள்ளலில் வண்டியே ஆடியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த கணமே எனக்கு உறைத்தது: அந்த வாசரைப் போட்டவர் யார்? சம்பந்தி. தம் கையாலேயே. நீர் போட்டது தவறு என்று, அவர் வீட்டு வாசலில், அவருடைய உறவினர் முன்னிலையில், பெண்ணைக் கொடுத்த நான் எப்படிச் சொல்வேன்?

குறிப்பால் உணர்த்த முயன்றேன்.

"சம்மந்தி, அந்த நாலாவது குழிக்குள்ள ஒரு டார்ச் அடிச்சுப் பாத்தா என்ன?"

"எதுக்கு சம்மந்தி நீங்க கஷ்டப்படறீங்கோ. நான்தான் சுத்தமா தொட்ச்சுப் போட்டேனே."

"ஆமாமா. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

இதைச் சொன்ன நாக்கை என்ன செய்தால் தகும்? அடுத்து அவர் முறை வந்தது.

"சம்மந்தி, நீங்க நட்டு டைட் வெச்சீங்களே... அப்போ பைப்புல ஏரு கீரு..."

"என்ன சம்மந்தி?"

"ஒண்ணுமில்ல. நீங்க வெச்சா கரீட்டாத்தான் இருக்கும்."

குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால் டீசல் சரிவரப் போகாது; இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பூட்டியபோது அதை வெளியேற்றாமல் நான் நட்டை இறுக்கிவிட்டேன் என்று அவர் கருதுகிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. "டீ சாப்டுங்கோ சம்மந்தி" என்றார். "நீங்க மொதல்ல சாப்பிடுங்க சம்மந்தி" என்றேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வேன் எங்கோ பூந்தமல்லியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அவர் கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டின் பக்கவாட்டில் மறைந்தார். இதுவே தருணம் என்று நான் ஒரு பழைய சைக்கிள் கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு, பூனைபோல் இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, எஞ்சின்மேல் தலையை நீட்டினேன். அதே கணத்தில் வலப்பக்கக் கதவு திறந்தது. ஒரு ஸ்பேனர் வந்தது. அதன் பின்னால் ஒரு தலை வந்தது. இரு தலைகளும் நான்காவது சிலிண்டருக்கு நேர் மேலே மோதிக்கொண்டன.

"யோவ்!" என்று அலறினார் சம்பந்தி. "இன்னாய்யா பண்ற என் வண்டிக்குள்ள?"

"நீரு மட்டும் என்னவே பண்ணுதீரு, ஸ்பேனரை வச்சுக்கிட்டு?"

என் வாயிலிருந்து வந்தது என் ஊர்ப் பேச்சு! ஆவடிக்கு வந்த பின் நான் பூட்டி வைத்திருந்த பேச்சு.

"நீ ஏர் எடுக்காம நட்ட இறுக்கிட்டய்யா! வாயத் தொறந்து சொல்ல முடியுதா உங்கிட்ட? பொண்ணு குட்த்த மனுசனாச்சேன்னு மென்னு முழுங்கிகினு கீறேன்!"

"ஏரா? வே, குழிக்குள்ள பழைய வாசர் கெடக்கு! அதுக்கு மேல புதுசைப் போட்டுருக்கீரு! உம்ம இன்ஜெக்டர் மாடி வீடு கட்டிக் குடியிருக்கு!"

"யாரப் பாத்து சொல்ற? மீச மொளச்ச நாள்லேர்ந்து ஸ்டீரிங் புடிக்கிறேன், எனுக்கு வாசர் எண்ணத் தெரியாது?"

என் மகள் "அப்பா!" என்று பதறினாள். மருமகன் முன்னே வருவதா, பின்னே போவதா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அசைந்தார். குடும்பம் இரண்டுபட்டது என்றே எல்லாரும் எண்ணியிருக்க வேண்டும். சம்பந்தியம்மாள் ஒருவர்தான் பானையோடு நேரே வண்டியருகே வந்தார்.

"யோவ், ரெண்டு பேரும் சண்டய அப்பாலிக்கா வெச்சிக்கோங்க. உள்ள ரெண்டு வாசர் கீதா இல்லியா? தொறந்து பாத்துட்டு சொல்லுங்க. பானைய ஏத்தறதா வேணாவா?"

திறந்தோம். சம்பந்தி கைப்பேசி விளக்கைப் பிடித்தார். புதிய வாசர் சமர்த்தாக இன்ஜெக்டரோடு வந்துவிட்டது. குழியின் அடியில் கரியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கொக்கியை இறக்கினேன். சுரண்டினேன். ஏதோ சிக்கியது. மெல்ல இழுத்தேன். கன்னங்கரேலென்று ஒரு வளையம் மேலே வந்தது. சட்டை ஏற்கெனவே பாழாகிவிட்டதால் தயங்காமல் அதிலேயே துடைத்தேன். கரிக்கு அடியில் செம்பு பளிச்சென்று சிரித்தது.

சம்பந்தி அதைக் கையில் வாங்கினார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று அஞ்சிக் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணவே இல்லய்யா நானு! போட்டத எண்ணினேன், கழட்டினத எண்ணவே இல்ல!"

அவ்வளவுதான். எனக்கும் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழவர்கள் ஒரு லாரி எஞ்சினின் இருபுறமும் சாய்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். "போதும்வே, போதும்" என்று நான் சொல்வேன், அவர் "மாடி வீடாம், மாடி வீடு!" என்பார், மறுபடியும் தொடங்கும்.

ஒற்றை வாசரோடு இன்ஜெக்டரைப் பூட்டினோம். "இப்ப உம்ம ஏரையும் எடுத்துத் தொலையும்" என்றேன். நட்டைத் தளர்த்திவிட்டு எஞ்சினைச் சுழற்றியபோது நுரை கொப்பளித்தது. "பாரு, பாரு, நுர! நா சொன்னேனா இல்லியா?" என்று அவர் குதித்தார். அப்போதுதான் கழற்றிய குழாயில் நுரை வராமல் என்ன வரும்? நான் வாதாடவில்லை. மரியாதைக்காக அன்று, அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததனால்.

எஞ்சின் கிளம்பியது. நொண்டல் இல்லை. புகை மெலிந்து, வெளிறி, மறைந்தது. ஆனாலும் சோதிக்காமல் விடலாமா? சம்பந்தி நான்காவது நட்டைத் தளர்த்தினார். எஞ்சின் குலுங்கித் தடுமாறியது.

"ஹோ!" என்று இருவரும் கைதட்டி ஆரவாரித்தோம்.

கீழே மருமகன் திகைத்தார். "வண்டி நிக்கப் போவுது, ரெண்டு பேரும் ஏன் கை தட்றீங்க?"

"நிக்கப் போவுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்டா!" என்றார் அவர் தந்தை. மருமகன் அதைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தபோதே வேன் வந்து நின்றது. சம்பந்தியம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பு, விறகு, பாய், வெங்காயக் கூடை, என் மருமகன் ஆகிய யாவற்றையும் அதில் ஏற்றி அனுப்பினார். பொங்கல் பானை மட்டும் லாரிக்கு வந்தது.

பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் என்று வண்டி பாடிக்கொண்டே போயிற்று. சம்பந்தி ஓட்டினார். நான் இடப்பக்கம். நடுவில், எஞ்சின் மூடிக்குப் பின்னால் இருந்த நீள் இருக்கையில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தியம்மாள். ஆறு சிலிண்டர்களின் தாலாட்டில் பிள்ளை தூங்கிவிட்டான். "யோவ், அந்தச் சன்னல ஏத்துய்யா, புள்ளைக்குக் காத்தடிக்குது" என்று வழிநெடுக என்னை அதிகாரம் செய்துகொண்டே வந்தார் சம்பந்தி. இவ்வளவு மரியாதையை எனக்கு எவரும் அளித்ததில்லை.

பெரியபாளையத்தில் ஒரே கூட்டம், வேப்பிலை மணம், பம்பை ஒலி. பிள்ளைக்கு வேப்பிலை கட்டியாயிற்று. சந்நிதிக்கு முன் சம்பந்தியம்மாள் அவனை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். அவர் வேண்டுவது எனக்குக் கேட்டது. அந்த வரிசையில் நின்ற அனைவருக்குமே கேட்டிருக்கும்.

"தா பாரு ஆத்தா, சொன்ன மாதிரியே எங்க வண்டியிலயே இட்டாந்துட்டேன். கொஞ்சம் லேட்டாய்ப் போச்சு. அதுக்கு இன்னா காரணம்னு இவங்க ரெண்டு பேரையும் நீயே கேட்டுக்கோ."

திரும்பி எங்களைச் சுட்டிக் காட்டினார். நெற்றியில் ஆளுக்கொரு புடைப்போடு, முழங்கை வரை டீசல் கரியோடு, நாங்கள் இருவரும் அவசரமாகக் கைகூப்பினோம்.